இணைச்சீர்ப் படம்

லண்டன்
12 ஜனவரி 1984

அன்புள்ள அக்காவுக்கு,

கந்தவேல் எழுதுவது. நான் நலம். நீயும் மாமாவும் நலமா? பொங்கலுக்குள் இது உன் கைக்கு வரவேண்டும் என்று நினைத்திருந்தேன். பனியில் தபால் ஆபீஸ்வரை நடக்க முடியவில்லை. பொங்கல் கழிந்து வந்தாலும் என் வாழ்த்தை எடுத்துக்கொள்.

தனிப் பொட்டலத்தில் ஒரு டைப் அடித்த பிரதி வருகிறது. என் வாழ்க்கை வரலாறு! சிரிக்காதே. கென்னத் ஹார்வுட் என்று ஒருவர், இங்கே இசைப் பத்திரிகைகளில் எழுதுகிறவர், இரண்டு வருஷமாக என் பின்னால் அலைந்து எழுதியிருக்கிறார். 'வெல்' என்று இவர்கள் கூப்பிடுகிற ராக் கிடார்க்காரன் எந்தக் காட்டிலிருந்து வந்தான், எப்படி வாசிக்கக் கற்றான் என்று இவர்களுக்குத் தெரிய வேண்டுமாம். ஒவ்வொரு பக்கத்தையும் நானே படித்து, சரி என்று ஒப்புக்கொண்டுவிட்டேன். இருந்தாலும் உன் தீர்ப்பு வேண்டும். பள்ளிக்கூடக் கட்டுரையிலிருந்து காலேஜ் விண்ணப்பம் வரை நான் எழுதியதில் நீ சிவப்பு மை போடாதது எதுவும் இல்லை. இதற்கும் போடு. கொஞ்சம் பார்த்துப் போடு.

இன்னொரு சின்ன வேலை. அட்டையில் அந்தக் கல்யாணப் படத்தைப் போடுகிறார்கள். 1973இல் என் இசைத்தட்டின் உறையில் மங்கலாக வந்ததே, அதே படம். அசல் உன்னிடம்தான் இருக்கிறது, நீயும் அதில் நிற்கிறாய். அதனால் உன் சம்மதம் இல்லாமல் போட மாட்டார்கள். பதிப்பாளர் பெயருக்கு நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அசலோடு அனுப்பிவிடு.

இடது கை விரல்கள் குளிரில் மடங்க மறுக்கின்றன. மற்றபடி ஒன்றுமில்லை.

அன்புடன்,
கந்தவேல்


அஸ்தம்பட்டி, சேலம்
19 பிப்ரவரி 1984

அன்புள்ள தம்பி கந்தவேலுக்கு,

உன் கடிதமும் பொட்டலமும் வந்தன. சுங்கத்தில் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்து, இது நமக்கு வேண்டாம் என்று திரும்பக் கட்டி அனுப்பியிருக்கிறார்கள். விரலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. கையுறை இல்லாமல் வெளியே போகாதே. உன் மாமாவுக்கு மின்வாரியத்தில் மாற்றல் வரும் போலிருந்தது, வரவில்லை. எனக்குக் கல்லூரியில் தேர்வு வேலை.

தீர்ப்பு கேட்டாய். வரலாறு சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவளிடம் ஒரு வரலாற்றைக் கொடுத்தால், சான்று எங்கே என்றுதான் முதலில் கேட்பாள்.

ஹார்வுடுக்கு எழுதத் தெரிகிறது. மான்செஸ்டரில் மின்சாரம் போன அரங்கத்தில் நீ ஒலிபெருக்கி இல்லாமலே வாசித்ததையும், முன்வரிசை ஆட்கள் திரும்பிப் பின்வரிசையை அதட்டி அடக்கியதையும் சொல்லும் பக்கத்தை நான் இரண்டு தடவை படித்தேன். அவர் அங்கே இருந்திருக்கிறார். இல்லாத இடங்களில்தான் சங்கடம். நீ நம் ஊர் புதுச்சத்திரத்தில் குடிசையில் அகல்விளக்கு வெளிச்சத்தில் பிறந்தாயாம். நீ பிறந்தது சேலத்து ஆஸ்பத்திரியில், பட்டப்பகலில். அம்மா சொல்லிச் சொல்லி நமக்குக் காது புளித்த கதை அது. கிணற்றில் மாடு கட்டிக் கவலை இறைக்கும் சத்தத்தில் உன் தாளம் பிறந்ததாம். நமக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து நம் கிணற்றில் ஆயில் எஞ்சின்தான். அந்த எஞ்சின் சத்தத்தை உன் வாசிப்பில் நானே கேட்டிருக்கிறேன். அதை எழுதியிருந்தால் நம்பியிருப்பேன். முதல் கிடாரை நுகத்தடியைச் செதுக்கி டெலிபோன் கம்பி கட்டிச் செய்தாயாம். அது கோயமுத்தூர் ஹாஸ்டலில் போத்தனூர் ரயில்வே காலனிக்காரனிடம் நீ இரவல் வாங்கியது. திருப்பிக் கொடுத்தாயா?

இவை சிரித்துவிட்டுப் போகக்கூடிய பொய்கள். ஒன்பதாம் அத்தியாயம் அப்படியில்லை.

பிரதியில் ஒட்டியிருக்கும் படத்தின் கீழே, 'வெல்லும் அவருடைய இளம் மனைவி பெரியநாயகியும், திருமண நாள், 1966' என்று போட்டிருக்கிறது. அவள் இடுப்பில் இருப்பது சீதனக் கூடையாம். இருவருக்கும் நடுவே தொங்கும் சேலை அறுக்க முடியாத பந்தமாம். 1968இல் அந்த மனைவியை விட்டுவிட்டு நீ பம்பாய்க்கு ரயிலேறினாயாம். அவள் இன்றைக்கும் சேலத்தில் உனக்காகக் காத்திருக்கிறாளாம். உன்னைப் பெரிய ஆளாக்கிய பாட்டு அவளுக்காக எழுதியதாம்.

ஹார்வுட் வெளியூர்க்காரர், அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். நீயே மொழிபெயர்த்து அவருக்குச் சொல். இது இணைச்சீர். எங்கள் பக்கத்தில் முகூர்த்தத்துக்கு முன்னால் மாப்பிள்ளைக்கு அவனுடன் பிறந்தவள் செய்கிற சீர். இடுப்பில் இருப்பது பேழைமூடி, சீர்த் துணி வைக்கிற மூங்கில் கூடை. மணப்பெண் மறுநாள் கட்டப்போகும் கூறைச்சேலையின் ஒரு முனை மாப்பிள்ளையின் கக்கத்தில், மறுமுனை அக்காளின் கையில். பெண்டாட்டி வருகிறாள் என்பதற்காகக் கூடப்பிறந்தவளை மறந்துவிடாதே என்பது அதன் பொருள். இந்தப் படத்தில் மணப்பெண் இல்லை. மணப்பெண் வள்ளியாத்தாள், அப்போது நாமகிரிப்பேட்டையில் தன் வீட்டில் இருந்தாள்.

அத்தியாயம் முழுவதிலும் வள்ளியின் பெயர் ஒரு இடத்தில்கூட இல்லை. அடிக்குறிப்பில், 'வெல் நேரில் சொன்னது' என்றிருக்கிறது. சொன்னாயா, அல்லது அவர் தப்பாகப் புரிந்துகொண்டாரா? ஒரு வரியில் பதில் எழுது. அது வரும்வரை படமும் வராது, சம்மதமும் வராது.

உன் மாமா அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு, "அப்ப இந்த ஊட்ல நான் ஆரு? வாடகைக்கு இருக்கறவனா?" என்று கேட்டார். நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

அன்புள்ள அக்கா,
பெரியநாயகி


லண்டன்
21 மார்ச் 1984

அன்புள்ள அக்காவுக்கு,

சிவப்பு மை கிடைத்தது. பள்ளிக்கூடத்தில் வாங்கியதைவிட இப்போது கொஞ்சம் அதிகமாக எரிகிறது.

கிடாரைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அவன் ஆஸ்திரேலியாவுக்கு, பெர்த்துக்குக் குடியேறிவிட்டான்.

நீ கேட்டதற்கு ஒரு வரியில் பதில் இல்லை. ஹார்வுட் அந்தப் படத்தைக் கையில் எடுத்து, யார் இவள் என்று கேட்டார். "நான் விட்டுவிட்டு வந்தவள்" என்றேன். இதில் பொய் எங்கே இருக்கிறது? உன்னையும்தானே விட்டுவிட்டு வந்தேன்? மீதியை அவரே கட்டிக்கொண்டார். கேட்க நன்றாக இருந்தது, நான் தடுக்கவில்லை. பாட்டு எழுதுகிறவன் எல்லாவற்றையும் பதிவாபீசில் சொல்வதுபோல் சொல்லிக்கொண்டிருக்க முடியாது அக்கா.

வள்ளியை ஏன் இதில் இழுக்க வேண்டும்? அவள் பாட்டுக்கு நிம்மதியாக இருக்கிறாள். பெயர் போடாமல் விட்டது அவளுக்கு நான் செய்த மரியாதை என்றுதான் நினைத்தேன்.

உனக்கு இதுவரை எழுதாததை எழுதுகிறேன். எங்கள் இசைக்குழு கலைந்து மூன்று வருஷமாகிறது. இப்போது வருகிற பையன்கள் மேடையில் ஒரு பெட்டியை வைத்துப் பொத்தானை அமுக்குகிறார்கள், அது எல்லாவற்றையும் வாசிக்கிறது. என்னை யாரும் கூப்பிடுவதில்லை. இந்தப் புத்தகம் வந்தால் அதோடு சேர்த்து ஊர் ஊராகக் கச்சேரி வைப்பதாகப் பதிப்பாளர் சொல்லியிருக்கிறார். காத்திருக்கும் மனைவி இல்லாமல் இந்தப் புத்தகத்தை யார் வாங்குவார்கள் என்று என் முகத்துக்கு நேராகவே கேட்டார். எனக்கு வேறு தொழில் தெரியாது. விரல்களும் எத்தனை நாளைக்கு என்று தெரியவில்லை.

சேலத்தில் இதை யார் படிக்கப் போகிறார்கள்? எனக்காகக் கையெழுத்துப் போடு.

உன் தம்பி,
கந்தவேல்


அஸ்தம்பட்டி, சேலம்
15 ஏப்ரல் 1984

அன்புள்ள தம்பிக்கு,

சித்திரை பிறந்துவிட்டது. வெயில் தாங்கவில்லை. உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து உன் விரல்களைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நல்ல வைத்தியரைப் பார். எண்ணெய் ஒன்று அனுப்புகிறேன்.

ஆனால் நீ என்னை விட்டுவிட்டுப் போகவில்லை. நீ போன பிறகு ஒவ்வொரு தீபாவளிக்கும் நான் எழுதியிருக்கிறேன், தையோ மாசியோ நீயும் பதில் போட்டிருக்கிறாய். விட்டுவிட்டுப் போவது என்றால் என்ன என்று தெரிந்தவள் வேறொருத்தி. நேற்று அவள் இங்கே வந்திருந்தாள்.

கோழித் தீவனம் வாங்கச் சேலத்துக்கு வந்தால் வள்ளி என் வீட்டுக்கு வராமல் போவதில்லை. நீ அவளுக்கு எழுதாவிட்டாலும் அவள் என்னை நங்கையா என்று நாத்தனார் முறையில்தான் கூப்பிடுகிறாள். நாமகிரிப்பேட்டையில் அவள் அப்பன் கொடுத்த நிலத்தில் கோழிப்பண்ணை போட்டிருக்கிறாள். முட்டை வாரம் தவறாமல் லாரியில் கேரளாவுக்குப் போகிறது. உன் புத்தகப் பிரதி மேசைமேல் இருந்தது. நான் ஒளித்து வைக்கவில்லை. படத்தைப் பார்த்தாள். கீழே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். படித்துச் சொன்னேன்.

"ஏனுங் நங்கையா, என்ற எடத்துல உங்களைக் கொண்டாந்து நிக்க வெச்சுப்போட்டாருங்களா?" என்று கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை பார்த்தாள். "சீலை என்னுதுங்க. மூஞ்சி மட்டும் உங்களுது."

உன் மாமா உள்ளேயிருந்து, "நீயாச்சும் ஒரு கேசு போடாயா, எனக்கு என்ற பொண்டாட்டியைத் திருப்பிக் குடுக்கோணும்னு" என்றார்.

"கேசு போடத்தானுங் அண்ணா வக்கீலைப் பாக்கப் போறேன்" என்றாள். அது வேடிக்கையாகச் சொன்னதில்லை.

விஷயம் இதுதான். அவள் தம்பி மணியன் லாரி விபத்தில் இறந்ததை உனக்கு எழுதியிருந்தேன். அவன் மனைவி அதற்கு முன்பே போய்விட்டாள். அவர்கள் பெண் அங்காளம்மாளுக்கு இப்போது ஏழு வயது, பால்குடி மறந்த நாளிலிருந்து வள்ளியிடம்தான் வளர்கிறாள். அவளைச் சட்டப்படி தன் மகளாக எழுதிக்கொள்ள வள்ளி பத்திர ஆபீசுக்குப் போனாள். புருஷன் உயிரோடு இருக்கிற பெண்பிள்ளை தன் பெயரில் தத்தெடுக்க முடியாது என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். புருஷன் எடுக்கலாம், இவள் சம்மதிக்கலாம், அவ்வளவுதான். நாமக்கல் வக்கீல் குழந்தைவேல் சொல்கிறார், விவாகரத்து வாங்கினால் எடுக்கலாம் என்று. மணியனின் பங்காளிகள் இப்போதே பெண்ணை எங்களிடம் கொடு என்று நிற்கிறார்கள். மணியன் பங்கு நிலம் அவளோடு போகும் அல்லவா?

உனக்கு இரண்டு தடவை வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறாள். 'முகவரியில் இல்லை' என்று இரண்டும் திரும்பி வந்தன. என் கடிதங்கள் மட்டும் அதே முகவரிக்குச் சரியாக வந்து சேருகின்றன.

இந்த நேரத்தில், வெல்லின் மனைவி பெரியநாயகி என்று அச்சில் வந்தால், அதைக் கையில் வைத்துக்கொண்டு எந்தப் பங்காளி என்ன சொல்ல மாட்டான்? வள்ளிக்கும் உனக்கும் கல்யாணமே நடக்கவில்லை, இல்லாத கல்யாணத்துக்கு விவாகரத்து எதற்கு என்று வழக்கை இழுத்தடிப்பான். தாலி கட்டியதற்குப் படம் ஏதாவது இருக்கிறதா? படம் எடுக்க வந்தவர் இணைச்சீர் முடிந்ததும் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிப்போனார், உனக்கே தெரியும்.

ஆகவே என் நிபந்தனை. படத்தை வெளியிடு, நானே அசலை அனுப்புகிறேன். கீழே இப்படிப் போட வேண்டும்: 'கந்தவேலும் அவர் அக்கா பெரியநாயகியும், இணைச்சீர். மனைவி வள்ளியாத்தாள் படத்தில் இல்லை.' அத்தியாயத்தையும் அதற்கேற்பத் திருத்த வேண்டும். விற்காவிட்டால் விற்காமல் போகட்டும்.

அன்புள்ள அக்கா,
பெரியநாயகி


லண்டன்
2 ஜூன் 1984

அக்காவுக்கு,

எண்ணெய் வந்தது. நன்றி.

ஹார்வுடிடம் பேசினேன். அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. திருத்தத் தயார் என்கிறார். பதிப்பாளர்தான் தயாராக இல்லை. கிராமத்தில் ஒரு அப்பாவிப் பெண்ணைக் கட்டி, இரண்டு வருஷத்தில் விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் இருந்தவன் என்று பெயரோடும் ஊரோடும் எழுதினால், அவன் கச்சேரிக்கு எவன் வருவான் என்கிறார். பெயர் இல்லாமல், முகம் மங்கலாக, காத்திருக்கிற ஒருத்தியாக இருந்தால் அது காவியமாம். பெயர் போட்டால் வழக்காம். அவர் சொல்வது எனக்கும் சரியென்றே படுகிறது.

ஒரு வழி இருக்கிறது. கோபப்படாமல் படி.

வள்ளிக்கு விடுதலை வேண்டும். கொடுக்கிறேன். இருவரும் சம்மதித்து வாங்குகிற விவாகரத்து இப்போது உண்டாமே, இங்கே தூதரகத்தில் வைத்து வேண்டிய காகிதத்தில் எல்லாம் கையெழுத்திடுகிறேன். ஒரு எதிர்ப்பும் இல்லை. பதிலுக்கு, நீ புத்தகத்தை அப்படியே விட்டுவிடு. அவள் ஊரில் விடுபடட்டும். இங்கே, காகிதத்தில், நீ அந்த மனைவியாக இருந்துவிட்டுப் போ. உனக்கு என்ன குறைந்துவிடும்? உன்னை அறிந்தவர்களுக்கு உண்மை தெரியும். அறியாதவர்களைப் பற்றி உனக்கென்ன?

யோசித்து எழுது. ஆகஸ்டில் அச்சுக்குப் போகிறது.

கந்தவேல்


அஸ்தம்பட்டி, சேலம்
1 ஜூலை 1984

தம்பி கந்தவேலுக்கு,

உன் யோசனையை நான் மட்டும் யோசித்துப் பதில் எழுதுவது முறையில்லை. புத்தகத்தில் நிற்கப்போவது நான் என்றாலும் விடுதலை அவளுடையது. அதனால் ஞாயிற்றுக்கிழமை நாமகிரிப்பேட்டைக்குப் போய் உன் கடிதத்தை வள்ளிக்கு முழுவதும் படித்துக் காட்டினேன். ஒத்துக்கொள் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், அவள் ஒத்துக்கொண்டால் நானும் கையெழுத்துப் போட்டுவிடுவது என்றுதான் பஸ்ஸில் போகும்போது நினைத்திருந்தேன். குழந்தை விஷயம் ஆயிற்றே.

தீவனம் கலக்கிக்கொண்டே கேட்டாள். முடிந்ததும் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"காயிதத்துல கையெழுத்துப் போடறதுக்குக் கூலி கேக்கறாருங்களா?"

"அப்படித்தான்."

"பதனாறு வருசமா ஒரு காயிதமும் போடாதவரு, இப்ப ஒண்ணு போடறதுக்கு உங்களைப் புடிச்சு அடமானம் வெக்கச் சொல்றாரு." எழுந்து போய் அங்காளம்மாளின் தலையில் ஒட்டியிருந்த தவிட்டைத் தட்டிவிட்டு வந்தாள். "வேண்டாமுங் நங்கையா. நாளைக்கு இந்தப் புள்ளை வளந்து, எங்கம்மா ஆருன்னு அந்தப் பொஸ்தகத்தப் பாத்தா, எம்பட பேரே இருக்காது. நான் கோர்ட்லயே வாங்கிக்கறேன். சுத்திப் போனாலும் ரோட்டு மேல போலாம்."

"நாளாகும் வள்ளி. பங்காளிகள் சும்மா இருக்க மாட்டார்கள்."

"கோழிக்கு வார சீக்கு அத்தனையும் பாத்துப்போட்டனுங்க. பங்காளிக என்ன பெருசு?"

எனவே பதில் இதுதான். சம்மதம் இல்லை. அசல் படம் வராது. என் பெயரோ முகமோ மனைவி என்று எங்கே வந்தாலும் வழக்குப் போடுவேன் என்று பதிப்பாளருக்குத் தனியாக ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உன் முதுகுக்குப் பின்னால் எதையும் செய்யும் பழக்கம் எனக்கில்லை. நீ அனுப்பிய பிரதியில் ஒன்பதாம் அத்தியாயத்தை வக்கீல் குழந்தைவேலிடம் கொடுத்துவிட்டேன். '1968இல் என் மனைவியை விட்டு வந்தேன், திரும்பிப் போகும் எண்ணம் எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை' என்று உன் வாய்மொழியாக அதில் இருக்கிறது. ஒவ்வொரு பக்கத்தையும் நீயே படித்துச் சரி என்று ஒப்புக்கொண்டதாகச் சொல்லும் உன் ஜனவரிக் கடிதத்தையும் கொடுத்திருக்கிறேன். கைவிட்டுப் போனதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது என்றார் வக்கீல். பெயர்தான் தவறு. அதைச் சரிசெய்ய நானே கூண்டில் ஏறிச் சாட்சி சொல்லப்போகிறேன்.

நீ கோபப்படுவாய். கோபத்தோடாவது ஒரு கடிதம் எழுது.

அக்கா,
பெரியநாயகி


அஸ்தம்பட்டி, சேலம்
22 செப்டம்பர் 1985

கந்தவேலுக்கு,

சென்ற தீபாவளிக்கு எழுதினேன், பொங்கலுக்கும் எழுதினேன். பதில் இல்லை. கோர்ட் சம்மன்களும் திரும்பி வந்தன. எண்ணெயாவது தேய்த்துக்கொள்கிறாயா என்று தெரியவில்லை. இருந்தாலும் நடந்ததை உன் காதில் போட்டுவிட வேண்டும்.

தீர்ப்பு ஆகிவிட்டது. நீ வராததால் உனக்கு எதிராக ஒருதலைப்பட்சமாகச் சொன்னார்கள், ஆனாலும் விசாரிக்காமல் சொல்லவில்லை. நீதிபதி தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். பங்காளிகள் வழக்கில் தலையிட்டு, அந்த இசைத்தட்டின் உறையைத் தேடிப்பிடித்து யார் மூலமோ கோர்ட்டுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். நான் எதிர்பார்த்ததுதான். நான் என் அசலோடு கூண்டில் ஏறினேன். அவர் இரண்டையும் வைத்துப் பார்த்தார்.

"இது கல்யாணப் போட்டோதானே அம்மா? மாப்பிள்ளை பக்கத்தில் நிற்பது பெண்தானே?"

"நிற்பது நான். மாப்பிள்ளையின் அக்கா."

"மாலையும் கழுத்துமாக, சேலை முனையைப் பிடித்துக்கொண்டா?"

சொன்னேன். ஹார்வுடுக்குச் சொல்லச் சொன்னதையேதான் சொன்னேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. கீழே உட்கார்ந்திருந்த கோர்ட் குமாஸ்தாவைப் பார்த்தார். அந்த மனிதர் எழுந்து, "ஆமாங்கய்யா, எங்கக்காளும் எனக்கு இப்படித்தான் நின்னா" என்றார். கோர்ட்டில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். பங்காளிகளின் வக்கீலும் நம் பக்கத்துக்காரர்தான், கோப்பை மூடிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

வள்ளியைக் கேட்டார், உன்னோடு திரும்பச் சேர்ந்து வாழ விருப்பமா என்று. கேட்க வேண்டும் என்பது சட்டமாம்.

"அந்த ஆளு எதுக்கால வந்து நின்னா, குஞ்சு வாங்க வந்தவருன்னு நெனச்சு வெல சொல்லுவேனுங்க சாமி" என்றாள்.

ஆவணியில் தத்துப் பத்திரம் பதிவாயிற்று. சாட்சியாக உன் மாமா 'அப்புசாமி' என்று கையெழுத்துப் போட்டார்.

புத்தகமும் வந்துவிட்டது. பதிப்பாளர் அனுப்பினார், நீ அல்ல. அட்டையில் படம் இல்லை. தலையில் கூடை வைத்துக்கொண்டு எவளோ ஒருத்தி நிற்கும் ஓவியம். மூக்கும் கண்ணும் போடாமல் விட்டிருக்கிறார்கள். அவளை எனக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது. ஒன்பதாம் அத்தியாயத்தில் என் பெயரை எடுத்துவிட்டார்கள், வள்ளியின் பெயரைப் போடவில்லை. பெயர் தெரியாத ஒருத்தி எங்கோ காத்துக்கொண்டிருக்கிறாள்.

நீ கேட்ட தீர்ப்பை இன்னும் முழுதாகச் சொல்லவில்லை. அச்சில் வந்ததை மறுபடி முழுக்கப் படித்தேன். உன் கையைப் பற்றியும் கம்பியைப் பற்றியும் ஹார்வுட் எழுதியதெல்லாம் மெய். எந்தக் கூட்டத்திலும் அதைச் சொல்வேன். உன்னைப் பற்றி நீ அவருக்குச் சொன்னது எதுவும் மெய்யில்லை, அதையும் சொல்வேன். போன வாரம் சேலத்தில் ஒரு வாசகர் கூட்டத்தில் இந்தப் புத்தகத்தைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். நம் ஊர்க்காரர் உலகப் புகழ் பெற்றிருக்கிறார் என்று மாலை எல்லாம் வாங்கி வைத்திருந்தார்கள். நான் போய் இரண்டையும் சொன்னேன். மாலையை என்ன செய்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

கச்சேரிகள் நன்றாகப் போகின்றன என்று பத்திரிகையில் படித்தேன். சந்தோஷம். அது பொய்யில்லை. நீ வாசிக்காமல் இருக்க வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. ஆனால் இந்தத் தீபாவளிக்கு நான் எழுதப்போவதில்லை. அடுத்ததற்கும் இல்லை. நம் இருவரில் முதலில் எழுதுகிறவள் எப்போதும் நானாகவே இருந்துவிட்டேன். இனி எழுதுவதென்றால் நீ எழுது. எனக்கு எழுதும் முன் ஹார்வுடுக்கு மெய்யை எழுது. வள்ளிக்கு எதுவும் எழுதாதே. அவளைக் கேட்டேன், அவனுக்குச் சொல்ல ஏதாவது உண்டா என்று. முட்டை அடுக்கிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. "ஒண்ணுமில்லீங்க நங்கையா" என்றாள்.

நேற்று வள்ளியும் நானும் அங்காளம்மாளின் பள்ளிக்கூடத்தில் பெயரைத் திருத்தப் போயிருந்தோம். தலைமையாசிரியர் நல்ல மனிதர், பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்.

"இனிஷியல் என்னங்க போடட்டும்?"

"வ போடுங்க."

"வ-ன்னா? அப்பா பேருங்களா?"

"வள்ளியாத்தா."

"அம்மா பேர்ல இனிஷியல் போடற வழக்கமில்லீங்களே."

"இன்னைலிருந்து இருக்கட்டுமுங்க" என்றாள் வள்ளி.

அவர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். அவர் 'வ' என்று எழுதினார்.

உன் அக்கா,
பெரியநாயகி அப்புசாமி